சமையலுக்கு ஆள்

"என் வயசைத் தவிர வேற எதையும் யாரும் பார்க்கலை தாயே" என்றார் நல்லபெருமாள்.

நூற்பாலையில் இருபத்தெட்டு வருடம் இயந்திரம் பழுது பார்த்தவர். ஆலையை மூடியபோது வயது ஐம்பத்து மூன்று. அதன்பின் ஒன்பது இடங்களில் வேலை கேட்டார். ஒன்பதாவது இடத்தில், பிறந்த வருடத்தைப் பார்த்ததுமே விண்ணப்பத்தைத் திருப்பி நீட்டிவிட்டார்கள். அங்கிருந்து வீட்டுக்குப் போகாமல் மடத்துக்கு பஸ் ஏறிவிட்டார்.

மடத்தின் குரு நாச்சியாரம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"வயிறு எரியுது. இது எப்போ அடங்கும்?"

"தெரியாது ஐயா. கொஞ்ச நாள் இங்கே தங்குங்க. மடத்துச் சமையலுக்கு ஆள் வேணும். நாளைக்குச் சிலர் வர்றாங்க. நீங்களே பார்த்து எடுங்க."

மறுநாள் மதியம் நல்லபெருமாள் வந்து நின்றார். அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ரெண்டு பேரைச் சமைக்கச் சொன்னேன் தாயே. ஒருத்தர் கைப்பக்குவம் பிரமாதம். முப்பது வயசுதான். அவரையே வச்சுக்கலாம்."

"மூணு பேர் வந்தாங்களே?"

"இன்னொருத்தர் ஒரு அம்மா. அறுபதைத் தாண்டியிருக்கும். நூறு பேருக்குச் சோறு வடிக்கிற அண்டா. அவங்களால இறக்க முடியாது."

"இறக்கிப் பார்த்தாங்களா?"

"இல்லை. அதான் பார்த்தாலே தெரியுதே..."



அம்மை நிமிரவில்லை. அடுத்த கட்டுக் கீரையைப் பிரித்தார்.

நல்லபெருமாள் வெளியே ஓடினார். செருப்பைக்கூட மாட்டவில்லை. தார்ச்சாலை உள்ளங்காலைச் சுட்டது.

பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அவரைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தாள்.

"உட்காருங்கம்மா" என்றார். மூச்சு வாங்கியது. "பஸ் இன்னும் வரலையா?"

"ரெண்டு பஸ் போயிருச்சு ஐயா."

"ஏறலையா?"

"கூப்பிடுறோம்னு சொன்னீங்க. போன் நம்பரை வாங்க மறந்துட்டீங்க. திரும்ப வந்து குடுத்தா தப்பா நினைப்பீங்களோன்னுதான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."