ஐநூறு கிலோமீட்டர், நாற்பதுக்கு மேல் போகாமல்

இந்தக் கதையில் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப்போகிற இடம் ஒன்று இருக்கிறது. அதை இப்போது சொல்ல மாட்டேன். சொன்னால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். என் சித்தப்பா தவமணி ஒரு மாதம் பட்ட பாடு வீணாகிவிடும். ஆகவே பொறுங்கள். முதலில் பைக். அப்புறம் நோட்டு. அப்புறம் மூன்று மூளைகள், அதாவது மூன்று தலைகள். சிரிப்பு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. கூப்பிடும்போது வரும்.

பைக் சித்தப்பாவுடையது இல்லை, அவர் மாமனார் உக்கிரபாண்டித் தாத்தாவுடையது. நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த பழைய வண்டி. முன்னால் கண்ணாடித் தடுப்பு, பின்னால் இரண்டு பக்கமும் தகரப்பெட்டி, மெத்தை மாதிரி சீட்டு. அதில் அவர் நேபாளம் வரை போய்த் திரும்பியிருக்கிறார். முழங்கால் தேய்ந்தபின் ஏழு வருஷமாக அது கொட்டகையில் நின்றது. கோழிகள் குடும்பம் நடத்தின.

தாத்தாவுக்கு இரண்டு மருமகன்கள். பெரியவர் தேனியில் சுந்தரவேல். சின்னவர் ஒட்டன்சத்திரத்தில் எங்கள் சித்தப்பா. இருவருக்கும் வண்டிமேல் கண். “அது மட்டும் சகலை வாசல்ல போய் நின்னுச்சு, அப்புறம் ஒரு நல்லது கெட்டதுக்கும் நான் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டேன்” என்று சித்தப்பா சாப்பாட்டுத் தட்டில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

தாத்தா பேசினால் தொண்டைக்குள் ஜல்லி உருளும். எனக்கு அந்தக் குரல் அப்படியே வரும். எங்கள் தெருவில் எனக்கு வராத குரல் இல்லை.

“மாப்ள, ஒரு மாசம் டயம். மெக்கானிக் கை படக்கூடாது. வீட்டுல வச்சு நீங்களே சரி பண்ணணும். கடைசி ஞாயித்துக்கிழமை வருவேன். ஒரே உதை. கிளம்புச்சுன்னா உங்களுக்கு. கிளம்பலைன்னா மினி லாரியில ஏத்தி நேரா தேனிக்கு.”

கூடவே தான் கைப்பட எழுதிய பராமரிப்பு நோட்டையும் கொடுத்தார். “இதுல உள்ளபடியே செய்யுங்க. சொந்த மூளையை நுழைக்காதீங்க.”

அந்தக் கடைசி நிபந்தனையில் சித்தப்பாவுக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

துணைக்கு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார். ஒருவர் காத்தவராயன், தக்காளி மண்டியில் எடை போடுகிறவர். இன்னொருவர் ஞானப்பிரகாசம் மாஸ்டர். எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பாடத்துக்கும் டியூஷன் எடுப்பார். அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் எட்டாம் வகுப்பிலேயே பத்திரமாக இருக்கிறார்கள். ஆகவே நோட்டைப் படித்துப் பொருள் சொல்லும் வேலை அவருக்கு.

முதல் பக்கம்: “வண்டியை எப்போதும் நிழலில் வை.”

வீட்டு முன்னால் வேப்பமரம் இருந்தது. அதன் நிழலில் நிறுத்தினார்கள். அரைமணியில் நிழல் நகர்ந்தது. வண்டியையும் நகர்த்தினார்கள். மறுபடி நிழல், மறுபடி வண்டி.

“வீட்டுக்குள்ள கொண்டாந்து நிறுத்துனா என்னவாம்?” என்று பூங்கோதைச் சித்தி கேட்டாள்.

“நோட்டுல நிழல்னுதான் இருக்கு. கூரைன்னு இல்லை” என்றார் மாஸ்டர்.

நான்கு மணிக்கு நிழல் காம்பவுண்டுச் சுவரில் ஏறியது. மூன்று பேரும் வண்டியைத் தூக்கிச் சுவரின்மேல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து மணிக்கு நிழல் நடுரோட்டில் விழுந்தது. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“ஏய்யா, நடுரோட்டுலதான் நிக்கணுமா?”

“நாங்க என்னண்ணே பண்றது, நிழல் இங்கதான் இருக்கு” என்றார் காத்தவராயன், டிரைவர்மேல் பரிதாபப்பட்டு.

இல்லை, நான் சொன்ன இடம் இது இல்லை. சிரிப்பை வீணடிக்காதீர்கள்.

இரண்டாம் பக்கம்: “எஞ்சினை நன்றாகச் சூடாக்கிய பிறகே பழைய ஆயிலை இறக்கு.”

ஓடாத எஞ்சின் எப்படிச் சூடாகும்? இந்தக் கேள்வி அவர்களுக்கு வந்தது என்பதே பெரிய விஷயம். ஒரு முழு காலை நேரம் விவாதித்தார்கள்.

“சூடுன்னா எவ்வளவு சூடு மாஸ்டர்?”

“உடம்பு தாங்குற சூடுதான்.”

“அப்ப ஒத்தடம் கொடுத்துரலாம்.”

கல்லுப்பை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து எஞ்சினுக்கு ஒத்தடம் கொடுத்தார்கள். சித்தப்பா இடுப்புப்பக்கம், காத்தவராயன் முதுகுப்பக்கம். மாஸ்டர் அவ்வப்போது புறங்கையை வைத்துப் பார்த்து, “இன்னும் குளிர் விடலை” என்றார். மூன்று கிலோ உப்பு தீர்ந்தது. அன்று சித்தி குழம்பு உப்பில்லாமல் வந்தது.

மூன்றாம் பக்கம்: “கழற்றும் முன் ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுத்து வை. திரும்பப் பூட்டும்போது உதவும்.”

போட்டோ எடுக்கிற வேலை எனக்கு. மூன்று பேரும் குளித்து, பவுடர் போட்டு, சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு பாகத்தின் முன்னாலும் தோளில் கைபோட்டு நின்றார்கள். “சிரிங்க” என்றேன். சிரித்தார்கள். நாற்பத்திரண்டு போட்டோ. நாற்பத்திரண்டிலும் சித்தப்பா தொப்பை அருமையாக விழுந்திருந்தது. எஞ்சின் ஒன்றிலும் விழவில்லை.

கழற்றிய நட்டு ஒவ்வொன்றையும் மாஸ்டர் தனித்தனிப் பேப்பரில் பொட்டலம் கட்டி, மேலே எழுதினார்: செயின் மூடி இடது, கிக்கர், பின்சக்கரம் வலது. உண்மையைச் சொன்னால் அழகான கையெழுத்து. அன்று ஒரு நாள் எனக்கே பயம் வந்தது, வண்டி கிளம்பித் தொலைக்குமோ என்று.

நல்லவேளை, நான்காம் பக்கம் வந்தது: “டேங்கின் உள்ளே துரு இருந்தால் இரண்டு கைப்பிடி நட்டு போட்டு அரைமணி குலுக்கு.”

“நட்டு வாங்கக் கடைக்குப் போகணுமே” என்றார் காத்தவராயன்.

“எதுக்கு? இந்தா, கையிலயே இருக்கே!” என்றார் சித்தப்பா, பொட்டலங்களைக் காட்டி.

“அப்படியே போடாதீங்கய்யா” என்று மாஸ்டர் பதறினார். அவருக்குப் புத்தி வந்துவிட்டதோ என்று நானே நினைத்துவிட்டேன். “பேப்பரைப் பிரிச்சுட்டுப் போடுங்க. உள்ள போய் அடைச்சுக்கும்.”

பிரித்துப் போட்டார்கள்.

குலுக்கியதில் ஐந்து நிமிஷத்தில் மூன்று பேருக்கும் தோள் விட்டுப்போனது. அதனால் காத்தவராயன் டேங்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு, மலையடிவாரத்துக்குப் போகிற மினி பஸ்ஸில் ஏறினார். அந்த வழியில் ரோடு என்று ஒன்று கிடையாது. ஆகக் கடைசி சீட்டில், சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து டேங்கை மடியில் வைத்துக்கொண்டார்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “என்னண்ணே, பாப்பாவா?”

“டேங்குப்பா.”

“எங்க இறங்கணும்?”

“எங்கயும் இறங்க வேண்டாம். நல்லாக் குலுங்குற இடமாப் பாத்துப் போங்க.”

“கவலையே படாதீங்க” என்றார் கண்டக்டர். “நாங்க தினம் அந்தச் சேவைதான் பண்றோம்.”

திரும்பி வந்தபோது டேங்கின் உள்ளே பளபளவென்றிருந்தது. நட்டுகளும் பளபளவென்றிருந்தன. எது கிக்கர், எது பின்சக்கரம் என்று அவற்றுக்கே தெரியவில்லை.

“அதனால என்ன? போட்டோ இருக்குல்ல” என்றார் சித்தப்பா. போட்டோக்களை வரிசையாகப் பரப்பினார்கள்.

“கார்புரேட்டர் எங்கடா?” என்று தேடினார் காத்தவராயன்.

“இந்தா, என் வயித்துக்குப் பின்னாடி.”

“கொஞ்சம் எக்கியிருக்கலாம்ல மாப்ள?”

“சிரிக்கச் சொன்னான், சிரிச்சேன். எக்கச் சொல்லலையே.”

எப்படியோ பூட்டினார்கள். பத்தொன்பது நட்டு மிஞ்சியது. மூவரும் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்.

“கழட்டுனதெல்லாம் மாட்டியாச்சா?”

“மாட்டியாச்சு.”

“அப்ப இது?”

மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “வண்டி பழசு. கம்பெனிக்காரன் அந்தக் காலத்துல தாராளமாப் போட்டிருக்கான். நாம அவசியமானதை மட்டும் போட்டிருக்கோம்.”

அந்த வாரம் முழுக்க ஆளுக்கொரு நூறு உதை உதைத்தார்கள். வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை. சித்தப்பா முகம் தொங்கிப்போனது. “சகலை வாசல்ல நிக்கப்போகுதுடா” என்று என்னிடமே புலம்பினார். சனிக்கிழமை மாலை, கடைசிப் பக்கத்தைத் திறந்தார்கள்.

“எஞ்சினைப் பிரித்துப் பூட்டினால் முதல் ஐநூறு கிலோமீட்டர் நாற்பதுக்கு மேல் விரட்டாதே. அது முடியும்வரை வண்டியை விட்டு இறங்கி யார் கையிலும் கொடுக்காதே.”

“அதான் கிளம்பலை!” என்று சித்தப்பா துள்ளினார். “ஐநூறு ஓட்டவே இல்லையே நாம!”

“ஓடாத வண்டியை எப்படி ஓட்டுறது?” என்றார் காத்தவராயன். வாழ்க்கையிலேயே அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி. மாஸ்டர் அதை உடனே நசுக்கினார்.

“எஞ்சின் ஓடணும்னு நோட்டுல இருக்கா? நாப்பதுக்கு மேல போகக்கூடாதுன்னுதானே இருக்கு? பூஜ்யம் நாப்பதுக்கு மேலயா, கீழயா?”

“கீழ.”

“அப்ப சரியாத்தானே இருக்கு.”

ஐநூறை நாற்பதால் வகுத்தார். பன்னிரண்டரை மணி நேரம். சென்னை போய், அதற்கு மேலும் நாற்பது கிலோமீட்டர் போகலாம்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு வாசலில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சூடம் காட்டினார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி நகராததால் பழம் நசுங்கவில்லை. காத்தவராயன் காலால் நசுக்கிவிட்டுப் பின்னால் ஏறினார். சித்தப்பா ஹெல்மெட், கருப்புக் கண்ணாடி, கழுத்தில் மப்ளர். மாஸ்டர் கடிகாரத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்து ஊர் சொன்னார்.

“ஆறேகால். திண்டுக்கல்.”

சித்தி இட்லித்தட்டோடு வந்தாள். சித்தப்பா திரும்பவே இல்லை. “திருச்சியில சாப்பிட்டுக்கலாம்.”

“திருச்சி எப்ப வரும்?”

“எட்டே முக்காலுக்கு” என்றார் மாஸ்டர்.

“அதுவரைக்கும் இட்லி ஆறிப் போகும். நான் விழுப்புரத்துக்கு மதியச் சோறு கொண்டாரேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இவர்களோடு குடித்தனம் பண்ணினால் யாருக்கும் இப்படிப் பேச வந்துவிடும்.

உளுந்தூர்பேட்டையில் காத்தவராயன் இறங்கிக் கொல்லைப்பக்கம் போய்வந்தார். அவர் இறங்கியதும் பின்சக்கரத்தில் காற்றைக் குறைத்தார்கள், ஏறியதும் பம்ப் அடித்தார்கள். ஒற்றை ஆளுக்கு ஒரு அளவு, இரண்டு ஆளுக்கு ஒரு அளவு என்று நோட்டில் இருந்ததாம்.

எனக்குக் கை துறுதுறுத்தது. மொட்டைமாடிக்குப் போய், சித்தி போனிலிருந்து சித்தப்பாவைக் கூப்பிட்டேன். திரையில் ‘பூங்கோதை’ என்று வந்தது. குரலோ ஜல்லி. சித்தப்பாவுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

“மாப்ள, நான் மாமா பேசுறேன். எங்க இருக்கீங்க?”

“செங்கல்பட்டு மாமா! சரியான டிராபிக்!” ஸ்பீக்கரில் போட்டு டேங்கின்மேல் வைத்தார்.

“வளைவுல சாஞ்சு ஓட்டுங்க மாப்ள.”

இரண்டு பேரும் சாய்ந்தார்கள். மாஸ்டரும் ஸ்டூலோடு சாய்ந்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மினி லாரி வந்து நின்றது. உக்கிரபாண்டித் தாத்தா, நிஜமானவர், கைத்தடியை ஊன்றி இறங்கினார். பின்னால், லாரியை ஓட்டிவந்த சகலை சுந்தரவேல், இறங்கும்போதே வண்டியை அளந்தபடி.

“மாப்ள, என்ன கூத்து இது?” என்றார் தாத்தா.

சித்தப்பா உதட்டில் விரல் வைத்தார். “உஷ்! சத்தம் போடாதீங்க மாமா. மாமா லைன்ல இருக்கார்.”

தாத்தா போனை எடுத்தார். “யாருங்க பேசுறது?”

எனக்கு வேறு குரலே வரவில்லை. “உக்கிரபாண்டி.”

“நானும் உக்கிரபாண்டிதான்.”

“ரொம்ப சந்தோஷங்க” என்று வைத்துவிட்டேன்.

தாத்தா போனை டேங்கின்மேல் திரும்ப வைத்தார். பக்கவாட்டில் வந்து, நல்ல காலைத் தூக்கி, ஒரே உதை உதைத்தார். எஞ்சின் மௌனமாக இருந்தது. கிக்கர் மட்டும் கழன்று, தாத்தாவின் செருப்பையும் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டு மாடியில் விழுந்தது.

“ஏத்துங்கப்பா” என்றார் தாத்தா லாரி ஆட்களிடம், ஒற்றைச் செருப்போடு.

“இறங்குங்க சகல” என்றார் சுந்தரவேல், பல்லெல்லாம் தெரிய.

“ஐநூறு முடியாம இறங்க மாட்டேன். இன்னும் நூறு இருக்கு. நோட்டுல உள்ளபடி!”

“எனக்கு இதுக்கு மேல சோலி இல்லை” என்று காத்தவராயன் செங்கல்பட்டில் இறங்கிக்கொண்டார்.

தாத்தா மகளைப் பார்த்தார். சித்தி தோளைக் குலுக்கினாள். “வண்டியோட சேத்தே ஏத்துங்கப்பா. அக்கா வீட்டுல நாலு நாள் இருந்துட்டு வரட்டும்.”

ஏற்றினார்கள். வண்டியை நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டினார்கள். சித்தப்பா மேலேயே இருந்தார். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. லாரி கிளம்பியது.

அரைமணி கழித்து சித்தி போன் அடித்தது. எடுத்தேன். ஒரே காற்றிரைச்சல்.

“டேய் பரணி! ஓடுதுடா! வண்டி ஓடுதுடா!”

“அப்படியா சித்தப்பா?”

“மரமெல்லாம் பின்னாடி போகுதுடா! எஞ்சின் சத்தமே இல்லை, அவ்வளவு நைசு! உங்க சித்திகிட்டச் சொல்லு, வண்டி நமக்குத்தான்!”

“எங்க இருக்கீங்க?”

“செங்கல்பட்டு தாண்டிட்டேன். போர்டுல ரெட்டியார்சத்திரம்னு போட்டிருக்கு.”

“ஸ்பீடு?”

“முள்ளு பூஜ்யத்தை விட்டு நகரலை. நாப்பதைத் தாண்டவே இல்லையே நானு! ஆனா ஒண்ணுடா, எனக்கு முன்னாடி ஒரு மினி லாரி போகுது. வழியே விட மாட்டேங்குறான். எவ்வளவு முறுக்கினாலும் இடைவெளி குறையலை. ஓட்டுறவன் பின்மண்டை வேற அச்சு அசல் நம்ம சகலை மாதிரியே இருக்கு.”

“அப்ப பிரேக் பிடிச்சு, அவனை முன்னால போக விட்டுருங்க சித்தப்பா.”

“பிடிச்சுட்டேன்.”

“போயிட்டானா?”

“இல்லடா. அங்கேயேதான் இருக்கான்.”

“கீழ பாருங்க.”

குனிந்திருப்பார். ஹெல்மெட் எதிலோ இடிக்கிற சத்தம் கேட்டது.

“டேய்.”

“சொல்லுங்க சித்தப்பா.”

“டயரு சுத்தலையேடா.”