அமீரின் தொண்டையில் நின்ற கத்தி

தன்னைக் கண்டு எழுந்து நிற்கவில்லை என்று நாற்பது நெசவாளர்களைச் சிறையில் தள்ளினார் நகரை ஆண்ட அமீர் துக்தகீன்.

“நானா அடைத்தேன்? எல்லாம் இறைவன் நாட்டம். மனிதன் கையில் ஒன்றுமில்லை. மறுப்பவன் தலை போகும்!” என்றார். அரண்மனையின் மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் தாடி குலுங்கத் தலையாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்காக அமீரின் கழுத்தை மழித்துக்கொண்டிருந்த நாவிதர் சுஹைபின் கத்தி தொண்டைக்குழியில் நின்றது.

“ஏனடா நிறுத்தினாய்?”

“என் தம்பியும் உள்ளே இருக்கிறான், எசமான். கை நடுங்குகிறது. கத்தி எந்தப் பக்கம் போனாலும் இறைவன் நாட்டம்தானே?”

அமீர் எச்சில் விழுங்கவும் பயந்தார். “முட்டாளே! உன் கை, உன் பொறுப்பு! ஒழுங்காகப் பிடி!”

சுஹைப் தொண்டையிலிருந்து கத்தியை எடுக்கவில்லை. “அப்படியானால் நாற்பது பேரை அடைத்தது யார் கை, எசமான்?”

இந்தத் தடவை எந்த ஆலிமும் தலையாட்டவில்லை. கழுத்தின் மறுபாதியை மழிப்பதற்குள் சிறைக்கதவு திறந்துவிட்டது.