இரண்டு அடுப்பு வைத்தவன்

முன்னொரு காலத்தில், ஒருவனுடைய அடுப்பு எந்த நாட்டு எல்லைக்குள் எரிகிறதோ அந்த நாட்டு மன்றம்தான் அவனை விசாரிக்கலாம் என்று ஒரு வழக்கம் இருந்தது.

சேந்தன் என்பவன் வடநாட்டுக்கும் தென்னாட்டுக்கும் இடையிலான எல்லைக்கல் தன் முற்றத்தில் நிற்கும்படி வீடு கட்டி, இரு பக்கமும் அடுப்பு வைத்திருந்தான். வடநாட்டுச் சேவகர் வந்தால் தெற்கு அடுப்பு எரியும். தென்னாட்டுச் சேவகர் வந்தால் வடக்கு அடுப்பு புகையும்.

அவன் தள்ளிவைத்த மனைவி வெள்ளச்சி, கைக்குழந்தையோடு தென்னாட்டு அரசன்முன் நின்றாள். "சாமி, பிரிஞ்ச தகப்பன் தன் கறவை மாட்டுல நாலுல ஒரு பங்கைப் பிள்ளைக்கு விடணும்னு சட்டம் இருக்கு. அவரு, ஒரே ஒரு வறட்டு மாடுதான் இருக்குங்கறாரு. பிள்ளை கஞ்சித் தண்ணியில கிடக்குது."

விகடகவி இளநாகன்மேல் பொறாமை கொண்ட அமைச்சர் விழுப்பரையர் எழுந்தார்.

"அரசே, அந்த வீடு எந்த மன்றத்துக்கும் உட்பட்டதல்ல. அங்கே நடப்பதை நாம் கேட்க முடியாது. இளநாகன் கெட்டிக்காரன் அல்லவா? சேவகர் தொடாமல், சேந்தனே இங்கு வந்து, 'நான் தென்னாட்டான்' என்று சொல்லச் செய்யட்டும்."

அரசனுக்கு அந்த விளையாட்டு பிடித்துவிட்டது. "முடியாவிட்டால் உன் இருக்கை அமைச்சரின் மைத்துனருக்கு, இளநாகா."

இளநாகன் அமைச்சரைப் பார்த்தான். "அங்கே நடப்பதைக் கேட்க முடியாது. உறுதிதானே?"

"உறுதி."

மறுநாள் உச்சிவேளையில் சேந்தன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மகாராஜா, உங்க விகடகவி என் மாட்டையெல்லாம் அவிழ்த்து ஓட்டிக்கிட்டு வந்துட்டாரு. அரண்மனை வாசல்லயே கட்டிக் கிடக்கு."

"வடநாட்டு மன்றத்தில் முறையிடலாமே" என்றான் இளநாகன்.

"அங்க என்னைத் தென்னாட்டான்னு சொல்லி வெச்சிருக்கேன், கேக்க மாட்டாங்க. நான் இந்த நாட்டான்தான் மகாராஜா. நீங்கதான் கேக்கணும்."

"எத்தனை மாடு?" என்றான் அரசன்.

"பன்னிரண்டு. அத்தனையும் கறவை."

"அந்த வறட்டு மாடு?"

சேந்தன் மெல்ல வாசல் பக்கம் பின்வாங்கினான்.

"நாலில் ஒரு பங்கு என்றால் மூன்று மாடு. பிள்ளைக்குக் கொடு" என்றான் அரசன்.

அமைச்சர் விடவில்லை. "மாட்டை ஓட்டி வந்தது திருட்டு அல்லவா, அரசே?"

"அது விடியற்காலையில் நடந்தது, ஐயா" என்றான் இளநாகன். "அந்த வீட்டில் நடப்பதைக் கேட்க முடியாது என்று தாங்கள்தான் உறுதி சொன்னீர்கள். இவர் இந்த நாட்டான் ஆனது இப்போதுதான்."

அரசன் சிரித்துச் சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி இளநாகன் கழுத்தில் போட்டான்.

வெள்ளச்சி மூன்று கயிறுகளையும் வாங்கிக்கொண்டாள். வாசலிலேயே ஒரு மாட்டின் அருகில் உட்கார்ந்து பால் கறக்கத் தொடங்கினாள்.