கை நிற்கும் இடம்

சங்கரபாண்டியன், படமெடுக்க வந்திருந்த கோமதிநாயகத்தின் சட்டைக் கையைப் பிடித்து அடுக்களைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். பிடித்த கை நடுங்கியது. அதோடு சட்டைக் கையும் நடுங்கியது.

“தட்டு மாத்தும்போது எடுக்கிற படத்துல இது தெரியக்கூடாது. எப்படியாவது பாத்துக்கிடுங்க.”

சங்கரபாண்டியன் நிச்சயம் செய்யவிருந்த பெண்ணின் அப்பா. பஸ் ஓட்டியவர். கை நடுக்கத்தால் வேலையை விட்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டாரிடம் கண் மங்கிவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். நெரிசலில் ஒரு நொடியில் தட்டைக் கொடுத்துவிடலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள், படம் அப்படியில்லை, வீடு வீடாகப் போகும், பரம்பரை வியாதி என்று ஒருத்தர் வாயைத் திறந்தால் போதும், மகள் வடிவின் கல்யாணம் இதோடு நின்றுவிடும் என்று மூச்சுவிடாமல் சொன்னார். சொல்லிவிட்டுக் கைகளைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு போனார்.

கோமதிநாயகம் கேமராவைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினார். தபாலாபீஸ் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வந்தவர் அவர். கற்றுக்கொடுக்கும் ஜெபராணி அவரைவிட மிகவும் இளையவள். வந்த அன்றே அவருடைய ஃபிளாஷை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஒவ்வொரு அறைக்கும் அதன் வெளிச்சம் இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள் என்றாள்.

பார்த்துப் பார்த்து அவருக்கு அதுவே பக்தியாகிவிட்டது. ஃபிளாஷ் போடுகிறவர்களை, செருப்போடு கோயிலுக்குள் வந்தவர்களைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். இன்றும் காலையிலிருந்து, கூடத்தின் ஒற்றைச் சன்னலிலிருந்து கிளிப்பச்சைச் சுவரில் விழும் வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த வெளிச்சத்தில் ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடவேண்டும். அதற்குள் அந்தக் கை அசைந்து படத்தில் புகையாகிவிடும்.

கூடவே வந்திருந்த ஜெபராணியிடம் போய்ச் சொன்னார். அவள் தன் பையின் அடியிலிருந்து ஒரு ஃபிளாஷை எடுத்தாள்.

“மேடம், நீங்களா இத எடுக்கீங்க?”

“நாந்தான். பெத்த பிள்ளையப் பாக்குற மாதிரி அந்தச் சன்னலப் பாக்காதீங்க அண்ணாச்சி. மாட்டுங்க.”

வெளிச்சம் பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பினால் எல்லார் முகமும் பச்சையாகிவிடும் என்று, பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் வெள்ளைப் பின்பக்கத்தை ஃபிளாஷின் தலையில் ரப்பர் பேண்டால் கட்டிக்கொடுத்தாள். பிறகு ஒரு மூலையில் நின்று தன் கையை ஆட்டிக் காட்டினாள். அவர் எடுத்தார். விரல்கள் கூர்மையாக விழுந்திருந்தன. ஆனால் அவற்றைச் சுற்றி மங்கலாக இன்னொரு கை, ஆவிபோல.

“ஷட்டர எதுல வச்சிருக்கீங்க?”

அறையின் வெளிச்சமும் கொஞ்சம் சேரட்டும் என்று அவர் அதை மெதுவாகவே வைத்திருந்தார். அவர் வேகத்தைக் கூட்டி இன்னொன்று எடுத்தார். ஆவி போயிருந்தது. சன்னல் வெளிச்சமும் போயிருந்தது. கைக்குப் பின்னால் கூடம் இருட்டாகக் கிடந்தது. இன்னும் ஒன்று எடுத்துச் சரிபார்த்தார்.

அதற்குள் நிச்சயப் பத்திரிகையை வாசித்து முடித்துவிட்டார்கள். எல்லோரும் எழுந்தார்கள். சங்கரபாண்டியன் தட்டைத் தூக்கினார். தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்திருந்த குங்குமச் சிமிழ் கிடுகிடுவென்று சத்தமிடத் தொடங்கியது.

கோமதிநாயகம் கேமராவைக் கண்ணில் வைத்தார். ஃபிளாஷ் தயார் என்று காட்டும் சிவப்பு விளக்கு வரவில்லை. ஒத்திகைக்கு எடுத்த படங்கள் அதன் மின்சாரத்தைக் குடித்துவிட்டிருந்தன. அது மறுபடி நிரம்ப வேண்டும். மாப்பிள்ளையின் அப்பாவும் தட்டோடு கை நீட்டி நின்றார். சிமிழ் விளிம்பை நோக்கி நகர்ந்தது.

“போட்டோக்காரரே, தூங்கிட்டீரா?” என்றார் கூட்டத்தில் ஒருவர். சிரித்தார்கள். சங்கரபாண்டியன் சிரிக்கவில்லை. அவர் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி வியர்வை புருவத்தில் இறங்கியது.

சிவப்பு விளக்கு வந்தது.

வெளிச்சம் அடித்து அடங்கியபோது தட்டுகள் கை மாறியிருந்தன.

சங்கரபாண்டியன் தட்டை வைத்துவிட்டு, கைகளை மறுபடி துண்டுக்குள் சுருட்டியபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கோமதிநாயகம் படத்தைக் காட்டினார். தட்டின் விளிம்பைப் பற்றிய கைகள். நகங்கள், நரம்புகள், மோதிரத்தின் கல் எல்லாம் தெரிந்தன. எதிலும் அசைவில்லை. பஸ் ஓட்டிய நாளில் அந்தக் கைகள் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கைகளைச் சுற்றியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்குத் திரும்பிப் போனார்.

ஜெபராணி வந்து கேமராவிலிருந்து ஃபிளாஷைக் கழற்றிக்கொண்டு போனாள். சுவரோரமாக நின்று ஃபிளாஷிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றிக்கொண்டிருந்த அவளிடம் கோமதிநாயகம் போனார். அந்த மனிதர் இனிமேலும் நடுங்கத்தான் போகிறார், பெண்ணைக் கொடுத்த பிறகு என்றைக்காவது அவர்களுக்குத் தெரியத்தான் போகிறது என்றார்.

“இது பொய் இல்லையா மேடம்?”

“நடுங்குற கை அந்தப் பக்கம் போகுது, திரும்பி வருது. திரும்புற இடத்துல ஒரு நொடி நிக்கத்தான செய்யுது,” என்றாள். “அதுவும் அவர் கைதான அண்ணாச்சி.”

கோமதிநாயகம் கூடத்தைப் பார்த்தார். காபி வந்திருந்தது. காலையிலிருந்து சங்கரபாண்டியனுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா, பக்கத்தில் இருந்தவளிடம் மண்டபம் கிடைக்காததைப் பற்றிப் பேசிக்கொண்டே, ஒரு தம்ளரை எடுத்தாள். அதில் பாதியைத் தன் டவராவில் ஊற்றிக்கொண்டாள். கை நடுங்கினாலும் தளும்பாத பாதித் தம்ளரைச் சங்கரபாண்டியன் பக்கம் நீட்டினாள்.