ஞாயிறு மாலை ஆறு மணி நிகழ்ச்சி

ஊர் வானொலியில் ஜாஸ் வாரம் என்று அறிவித்த நாளிலிருந்து மங்கையர்க்கரசிக்குக் கால் தரையில் பாவவில்லை.

பொன்மலையில் பேண்டு செட்டுக்காரர்களுக்குக் கோட்டு தைப்பவள் அவள். வயது நாற்பத்தாறு. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். துபாய்க்குப் போன பேண்டுக்காரர் ஒருவர் தன் கிளாரினெட்டை அவளிடம் விட்டுவிட்டுப் போனார். சும்மா ஊதிப் பார்த்தாள். அந்தச் சத்தம் அவளை விடவில்லை. நேரே கிளாரினெட் சொல்லிக்கொடுக்கிற டோரீன் மிஸ் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

மிஸ்ஸுக்கு இருபத்தெட்டு வயதுதான். அதனால் மிஸ் அவளை அக்கா என்பார். அக்கா அவரை மிஸ் என்பாள். இரண்டு வருஷமாக இப்படித்தான் பாடம் நடக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் மிஸ் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் நிகழ்ச்சிகளை எழுதிக்கொண்டே படித்துக் காட்டினார்.

"எல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்குக்கா. திங்கள் 'மழை விட்ட தெரு'ன்னு ஒரு பாட்டு, கிளாரினெட். செவ்வாய் பியானோ. உங்களுக்குத் தூக்கம் வரும், இருந்தாலும் கேளுங்க. புதன் மறுபடியும் கிளாரினெட். வியாழன் ஒரு அம்மா வார்த்தையே இல்லாம பாடுறாங்க. வெள்ளி கிளாரினெட். சனி டிரம்ஸ்."

"ஞாயிறு, மிஸ்?"

"ஞாயிறு நேயர்களே வந்து வாசிக்கிறது. நேரடி ஒலிபரப்பு. உங்க பேரைக் கொடுத்துட்டேன்."

"ஐயோ மிஸ்!"

"மூணு நிமிஷம்தான்க்கா."

"மூணு நிமிஷம் போதுமே, ஊரே சிரிச்சு முடிச்சிடும். என்னத்தை வாசிப்பேன் நான்?"

"'மழை விட்ட தெரு' வாசிங்க. கேட்டுட்டு வாசிங்க."

அவ்வளவுதான் சொன்னார். மங்கை தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். வீடு போய்ச் சேர்வதற்குள் அதை மூன்று தடவை எடுத்துப் பார்த்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கே கடையைச் சாத்தினாள். ரேடியோவை மெஷின் மேல் வைத்து, பதிவு செய்யப் போனைப் பக்கத்தில் வைத்தாள். பாட்டு வந்தது. கிளாரினெட் முதலில் ஒரு வரி சொன்னது. பிறகு அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஏறியது, வழுக்கியது, சிரித்தது, ஓரிடத்தில் மூச்சை அடக்கி நின்றது. மங்கைக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன் வீட்டுச் சுவர்களுக்குள் இப்படி ஒரு சத்தம் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

எட்டுப் பேருக்குக் கோட்டு தைத்தால் எட்டிலும் சரிகை ஒரே இடத்தில் ஓட வேண்டும் என்பாள் அவள். கால் அங்குலம் தள்ளியிருந்தாலும் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி தைப்பாள். பாட்டையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை முழுக்கப் பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஸ்வரம் ஸ்வரமாக நோட்டில் எழுதினாள். இருநூற்றுப் பதினான்கு ஸ்வரம். புதன் மத்தியானத்துக்குள் பாதி மனப்பாடம்.

புதன் மாலை ஆறு மணிக்கு அதே பாட்டு, அதே ஆள் என்று அறிவித்தார்கள். மங்கை நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கூடவே ஊதத் தயாரானாள். முதல் வரி பொருந்தியது. இரண்டாவது வரியில் அந்த மனுஷர் வேறு சந்தில் திரும்பிப் போய்விட்டார். மங்கை நோட்டும் கையுமாக முக்கில் நின்றாள்.

தப்பாக எழுதிவிட்டோமோ என்று பதறினாள். பதிவைப் போட்டுப் பார்த்தாள். எழுதினது சரிதான். அப்படியானால் தப்பு ரேடியோவுடையது. உடனே போனை எடுத்து நிலையத்துக்குப் பேசினாள். பேசி முடித்தபோது முகம் சிவந்திருந்தது.

வியாழக்கிழமை வார்த்தையில்லாமல் பாடிய அம்மாவின் குரல் காதில் ஏறவே இல்லை. வெள்ளிக்கிழமை அதே ஆள், அதே பாட்டை, மூன்றாவது விதமாக வாசித்தார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மங்கை நோட்டைத் தூக்கிக்கொண்டு மிஸ் வீட்டுக்கு ஓடினாள்.

"என் பேரை எடுத்துடுங்க மிஸ். நான் வாசிக்கல."

"நாலு மணிக்குப் போன் வரும்க்கா. அப்ப நீங்களே சொல்லிடுங்க. வாசிக்கிறவங்க பேரையும் பாட்டையும் இன்னைக்கே அறிவிக்கணுமாம்."

"சொல்லிடுறேன். எனக்கு என்ன, இதோட உயிரா போயிடும்?" என்றாள். கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு ஆசையா எழுதினேன் தெரியுமா மிஸ்? ஒரே மனுஷன் மூணு நாளும் மூணு விதமா வாசிக்கிறார். எது சரி? திங்களா, புதனா, வெள்ளியா? அதைச் சொல்லுங்க, இன்னைக்கு உக்காந்து மனப்பாடம் பண்ணிடுறேன்."

மிஸ் நோட்டை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"அது இருக்கட்டும்க்கா. ரேடியோ ஆபீசுக்குப் போன் போட்டீங்களாமே. என்ன ஆச்சு?"

"அதைக் கேக்காதீங்க மிஸ், மானம் போச்சு. நான் மரியாதையாத்தான் கேட்டேன். 'சார், இன்னைக்குத் தப்பா வாசிச்சதைப் போட்டுட்டீங்க, திங்கக்கிழமை போட்டதுதான் சரி'ன்னேன். 'ரெண்டும் அவர் வாசிச்சதுதாம்மா'ன்னார். 'அப்ப இதுல மறந்துட்டார் போல, அவரைச் சரியா வாசிக்கச் சொல்லிப் போடுங்க'ன்னேன். 'அம்மா, அவர் செத்து அம்பது வருஷம் ஆச்சு'ன்னார் மிஸ். பின்னாடி நாலு பேர் சிரிக்கிறது கேக்குது. படிக்காதவன்னா இப்படித்தானே சிரிப்பாங்க?"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மிஸ்ஸின் அம்மா நோரா ஆன்ட்டி டீ கொண்டுவந்து வைத்தார். "என்ன மங்கை, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"மம்மிக்கும் சொல்லுங்கக்கா" என்றார் மிஸ்.

மங்கை ஒரு வாய் டீ குடித்தாள். நாற்காலியை ஆன்ட்டி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"எங்க தெரு நாய் இருக்கே ஆன்ட்டி, அந்தக் கறுப்பு. நான் போனைக் காதுல வைக்கிறேன், அது வாசல்ல வந்து ஊளை விடுது. அந்த ஆள் எடுத்ததும், 'வணக்கம், பக்கத்துல யார் பாடுறது?'ங்கிறார்!" அறிவிப்பாளரின் கனத்த குரலை அப்படியே எடுத்துவிட்டாள். "எனக்கு வந்தது பாருங்க கோவம். 'சார், அது நாய். அது கூட நேத்து ஊளை விட்ட மாதிரிதான் இன்னைக்கும் விடுது. உங்க ஆள்தான் மாத்தி மாத்தி வாசிக்கிறார்'ன்னேன்."

ஆன்ட்டிக்குச் சிரிப்பில் டீ சிந்தியது. "அப்புறம்? அப்புறம்?"

"அப்புறம் என்ன, 'கூப்பிட்டுச் சரியா வாசிக்கச் சொல்லுங்க'ன்னுட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. செத்தவங்களுக்கு மௌன அஞ்சலி செலுத்துவாங்கல்ல, அந்த மாதிரி. அப்புறம்தான் மெதுவா, 'அவர் போய்ச் சேந்து அம்பது வருஷம் ஆச்சும்மா'ங்கிறார்."

மங்கையும் சிரித்துவிட்டாள். அழுத கண்ணோடு சிரித்தாள்.

அந்நேரம் தண்ணீர் கேன் போடுகிற இருதயராஜ் தோளில் கேனோடு வந்து நின்றான். "என்னக்கா, தெரு வரைக்கும் சிரிப்பு கேக்குது?"

"இவருக்கும் சொல்லுங்கக்கா" என்றார் மிஸ்.

"ஒண்ணுமில்லப்பா. செத்துப்போன ஒருத்தரைக் கூப்பிட்டுத் திருத்தி வாசிக்கச் சொல்லுங்கன்னு ரேடியோக்காரர்கிட்ட மல்லுக்கு நின்னேன். 'அவர் நம்பர் இருந்தா குடுங்கம்மா, பேசிப் பாக்குறேன்'ன்னுட்டார்."

"கிடைச்சா அந்த நம்பரை எனக்கும் குடுக்கா, எங்க அப்பாவைப் பத்தி விசாரிக்கணும்" என்று சொல்லி, கேனை இறக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே போனான்.

நோரா ஆன்ட்டி விடவில்லை. "ஏய் மங்கை! அவன்கிட்ட நாயைச் சொல்லாம விட்டுட்டே. அந்த மனுஷன் நம்பர் கேட்டதை என்கிட்ட சொல்லவே இல்லை. இதுல எதுடி நிஜம்?"

"எல்லாமே நடந்ததுதான் ஆன்ட்டி. பொய்யா சொல்றேன்? தோள்ல கேனை வச்சுக்கிட்டு நிக்கிறவன்கிட்ட நாயிலேருந்தா ஆரம்பிக்க முடியும்? ஆளைப் பாத்து, நேரத்தைப் பாத்துத்தானே சொல்ல வரும்?"

டோரீன் மிஸ் மேஜைமேல் இருந்த நோட்டை எடுத்து, மூடி, மங்கையிடம் நீட்டினார்.

மங்கை கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

"மிஸ்..." என்றாள். "அந்த ஆளு... புதன்கிழமை அவர் எதிர்ல வேற யாரோ..."

விரல்கள் தாமாகவே மடியில் கிளாரினெட் ஓட்டைகளைத் தேடின.

போன் அடித்தது. மங்கையே எடுத்தாள். வானொலி நிலையம்தான்.

"அம்மா, வணக்கம். நாளைக்கு வாசிக்கிறீங்கதானே?"

"வாசிக்கிறேன்!" என்று கத்தினாள். நோரா ஆன்ட்டி காதைப் பொத்திக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம். 'மழை விட்ட தெரு'ன்னு போட்டுக்கறேன்." அறிவிப்பாளரின் குரலில் குறும்பு ஏறியது. "நேயர்கள் யாராவது போன் பண்ணிக் கேட்டா நான் சொல்லணும் பாருங்க. நீங்க வாசிக்கப் போறது திங்கக்கிழமை மாதிரியா, புதன்கிழமை மாதிரியா, வெள்ளிக்கிழமை மாதிரியா?"

மங்கை போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"மிஸ், எந்த மாதிரி வாசிப்பேன்னு கேக்குறார். என்ன சொல்லட்டும்?"

"எனக்கு எப்படித் தெரியும்க்கா?" என்றார் மிஸ். "நாளைக்கு ஆறு மணிக்கு ரேடியோவைப் போட்டுத்தான் நானே தெரிஞ்சுக்கணும்."