ரம்யாகிட்ட பேசிட்டிருக்கேன்

"ஒரே ஒரு நாளைக்கு பத்து பேர் வாடகைக்கு வேணுங்க. எடுக்கலாமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லிருங்க."

ஜூஸ் கடைக்குள்ள கால் வெச்சதுமே திருமூர்த்தி கேட்ட கேள்வி இதான். உக்காரக்கூட இல்ல.

ஜுலைகா சாத்துக்குடி ஜூஸ்ல இருந்து ஸ்ட்ராவ வெளிய எடுத்தா.

"பத்து பேரா? என்ன, கட்சிக் கூட்டமாங்ணா?"

"விளையாடாதீங்க மேடம். ஆபீஸ்ல உக்கார வைக்க."

பீளமேட்டுல வெப்சைட் கம்பெனி நடத்துற எல்லாருக்கும் ஜுலைகாவத் தெரியும். ஒரு கம்பெனிய மூடினவ, ஒரு கம்பெனிய நல்லபடியா வித்தவ. மத்தியானம் ஆச்சுன்னா இந்தக் கடையிலதான் இருப்பா. யார் வேணும்னாலும் போய் என்ன வேணும்னாலும் கேக்கலாம். ஆனா பதில் வரும்னு உத்தரவாதம் கெடையாது. "என் ஆப்புக்கு என்ன பேர் வைக்கலாம்?"னு ஒருத்தன் கேட்டதுக்கு, அவன் போன வாங்கி ஸ்விட்ச் ஆஃப் பண்ணி அவன் கையிலயே குடுத்துட்டு போயிட்டாளாம். பாவம், அவன் இன்னும் அதுக்கு அர்த்தம் தேடிட்டிருக்கான்!

மூர்த்திய விட எட்டு வயசு சின்னவ. ஆனாலும் அவன் மேடம்னுதான் கூப்பிடுவான். அவ அண்ணாம்பா.

"மொதல்ல உக்காருங்ணா. யாரு வர்றாங்க?"

"பவளமல்லி அப்பார்ட்மெண்ட்ஸ். நானூறு வீடு! இப்ப அப்பப்ப ஒண்ணு ரெண்டு லாரிதான் எடுக்கறாங்க. செக்ரட்டரியம்மா நாளைக்குக் காலைல நேர்ல வர்றாங்களாம். 'உங்க டீம பாக்கணும். பாத்துட்டு இந்தக் கோடை முழுக்க உங்ககிட்டயே தண்ணி எடுக்கறதா வேண்டாமான்னு சொல்றோம்'னு மெயில் வந்திருக்கு."

மூர்த்தியோட வெப்சைட் பேரு 'தண்ணிவந்தாச்சு'. வீட்டுக்குத் தண்ணி லாரி வேணும்னா அதுல புக் பண்ணணும். லாரி எங்க வந்துட்டிருக்குன்னு போன்லயே பாத்துக்கலாம். அவ்வளவுதான் விஷயம். ஆனா அவன் அதப் பத்திப் பேச ஆரம்பிச்சான்னா, கங்கையவே கயிறு கட்டி இழுத்துட்டு வர்ற மாதிரி இருக்கும்.

"சரி, டீம காட்டுங்க. அதுல என்ன கஷ்டம்?"

"டீம் இருந்தாத்தானுங்க காட்டறதுக்கு."

"வெப்சைட்ல ஒம்பது பேர் போட்டோ இருக்கே?"

மூர்த்தி தலைய சொறிஞ்சான்.

"ஆபரேஷன்ஸ் ஹெட்னு மீசையோட ஒருத்தர் இருக்காரே, அவரு?"

"என் மச்சானுங்க. கோபியில உரக்கடை வெச்சிருக்காரு. கல்யாண போட்டோல இருந்து வெட்டிப் போட்டேன்."

"அதான் கழுத்துல மாலை ஓரம் தெரியுது."

"மேடம்..."

"ரம்யா? வாட்ஸ்அப்ல கஸ்டமர்கிட்ட பேசற பொண்ணு?"

"அதுவும் நாந்தானுங்க. பொண்ணு பேரு இருந்தா, லாரி லேட்டானாலும் ரொம்ப திட்ட மாட்டாங்கன்னு..."

"பொண்ணுன்னா திட்ட மாட்டாங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

மூர்த்திக்கு காது சூடாயிருச்சு.

"எல்லாரும் இப்படித்தானுங்க பண்றாங்க! ஒத்த ஆளுன்னு சொன்னா எவன் நம்பி தண்ணி எடுப்பான்? இது கெடச்சா நெஜமாவே ஆள் போட்டுருவேன். கெடைக்கலேன்னா கம்பெனிய மூடிட்டு பழைய வேலைக்கே போகணும். அந்த மேனேஜர் இப்பவே 'உன் சீட்ட தொடச்சு வெச்சிருக்கேன்'னு நக்கலா மெசேஜ் போடறான். அதான் கேக்கறேன். எங்க தெரு ஜிம்மு பசங்க பத்து பேர் ரெடி. லேப்டாப் முன்னாடி உக்காந்து டைப் அடிக்கற மாதிரி நடிச்சா போதும்."

"ஜிம்மு பசங்களா?"

"முழுக்கை சட்ட போட்டுட்டு வரச் சொல்லிட்டேனுங்க."

ஜுலைகா சிரிக்கல. போன எடுத்தா. என்னமோ தேடினா. டைப் பண்ண ஆரம்பிச்சா.

பதில் வரும்னு மூர்த்தி காத்திருந்தான்.

அவன் பாக்கெட்டுக்குள்ள 'டிங்'னு சத்தம்.

எடுத்துப் பாத்தான். 'தண்ணிவந்தாச்சு' நம்பருக்கு ஒரு மெசேஜ்.

"வணக்கம் ரம்யா. உங்ககிட்ட ஒரு யோசன கேக்கணும்."

நிமிந்து பாத்தான். ஜுலைகா அவன் பக்கமே திரும்பல.

"மேடம், என்னங்க இது?"

அவ உதட்டுல வெரல் வெச்சா.

டிங்.

"ரம்யா, இருக்கீங்களா?"

பழக்க தோஷம். அவன் கட்டைவெரல் தானா ஓடிச்சு.

"இருக்கேன் மேடம். சொல்லுங்க."

"உங்க முதலாளி எப்படி?"

"நல்லவர் மேடம்."

"நெஜமா?"

மூர்த்தி கொஞ்சம் யோசிச்சான். அப்புறம் ரம்யா பதில் போட்டா.

"பில்டப் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

ஜுலைகா மொகத்துல ஒண்ணும் அசையல. ஸ்ட்ராவ மட்டும் ஒரு சுத்து சுத்தினா.

டிங்.

"நாளைக்கு வர்றவங்க முன்னாடி பத்து பேர வாடகைக்கு உக்கார வைக்கப் போறாராம். நீங்க என்ன நெனைக்கறீங்க?"

மூர்த்தி போன மேசை மேல வெச்சுட்டான்.

"இது போங்கு மேடம். கேள்வி கேட்டது நானு."

"உங்ககிட்ட நான் பேசலீங்ணா. ரம்யாகிட்ட பேசிட்டிருக்கேன்."

கடைக்காரர் மிக்ஸிய ஓட விட்டாரு. அது நிக்கற வரைக்கும் மூர்த்தி போனையே பாத்துட்டிருந்தான்.

ரம்யா எப்படி பேசுவான்னு அவனுக்குத் தெரியாதா என்ன! லாரி பஞ்சர்னா பஞ்சர்னுதான் சொல்லுவா. டிரைவர் சாப்பிடப் போயிட்டாருன்னா சாப்பிடப் போயிட்டாருன்னுதான் சொல்லுவா. அதுக்குப் பெரிய காரணமெல்லாம் ஒண்ணுமில்ல. தலையில ஷாம்பு நுரையோட நிக்கறவங்ககிட்ட பொய் சொன்னா, அடுத்த நிமிஷமே திரும்பக் கேப்பாங்க. அப்ப இன்னொரு பொய் யோசிக்கணும். ரம்யாவுக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம்?

மெதுவா டைப் பண்ணான்.

"வேண்டாம் மேடம். செக்ரட்டரியம்மா ஏதாவது கேட்டா அந்தப் பசங்க முழிப்பாங்க. பி பிளாக்குல தண்ணித்தொட்டி வாய் சின்னது, பெரிய ஓஸ் பைப் உள்ள போகாதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அங்க வாட்ச்மேன் காலைல கோயிலுக்குப் போயிருவாரு, சாவி இஸ்திரி வண்டிக்காரர்கிட்டதான் இருக்கும்னு எப்படித் தெரியும்?"

அனுப்பிட்டு, அவனே அத ஒரு தடவ படிச்சான்.

டிங்.

"பின்ன யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் மேடம்."

"அப்ப நாளைக்கு நீங்க உக்காருங்க ரம்யா."

"நான் எப்படி மேடம் உக்கார்றது? நான்தான் இல்லவே இல்லையே."

ஜுலைகா அத ரொம்ப நேரம் பாத்தா. கடைசியா என்னமோ டைப் பண்ணா. போன பைக்குள்ள போட்டா. ரெண்டு ஜூஸுக்கும் காசு குடுத்தா. வெயில்ல எறங்கி நடந்துட்டா.

மூர்த்தி முன்னாடி ஒரு ஜூஸ் வந்து நின்னுச்சு. அவன் கேக்கவே இல்ல.

டிங்.

"இல்லைன்னா, நான் இவ்வளவு நேரம் பேசினது யார்கிட்ட?"

மறுநாள் காலைல ஆபீஸ்ல ஒரே ஒரு ஆள்தான்.

ஜிம்மு பசங்களுக்கு வேண்டாம்னு சொல்லிட்டான். "புதுச்சட்டைக்கு இஸ்திரி எல்லாம் போட்டுட்டேனேண்ணா!"ன்னு ஒருத்தன் ரொம்ப வருத்தப்பட்டான்.

செக்ரட்டரி கோகிலவாணி சொன்ன நேரத்துக்கு வந்து நின்னாங்க. ஹெட்மிஸ்ட்ரஸ்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. சொல்லவே வேண்டாம், அவங்க நிக்கறதப் பாத்தாலே நம்ம சட்டப் பட்டன் சரியா இருக்கான்னு கை போகும்.

காலி நாற்காலிகள ஒவ்வொண்ணா பாத்தாங்க.

"எல்லாரும் எங்கப்பா போயிட்டாங்க? டீ குடிக்கவா?"

மூர்த்தி நாக்கு நுனியில ஒரு பதில் சுடச்சுட ரெடியா நின்னுச்சு. எல்லாரும் ஃபீல்டுல இருக்காங்க மேடம். ஆகா, எவ்வளவு அழகான பதில்!

முழுங்கினான்.

"யாரும் இல்லீங்க. நான் மட்டுந்தான். அந்தப் போட்டோ எல்லாம் சும்மா போட்டது. நேத்து சாயங்காலமே எடுத்துட்டேனுங்க."

"அப்ப ரம்யா?"

"நாந்தானுங்க ரம்யா."

கோகிலவாணி மெதுவா உக்காந்தாங்க.

"போன மாசம், 'இன்னிக்கு எங்க லாரி வராதுங்க, சும்மா காத்திருக்காதீங்க, இன்னொரு கம்பெனி நம்பர் தர்றேன், அவங்ககிட்ட வாங்கிக்கங்க'ன்னு ரம்யா சொன்னாளே. அது?"

"நானுங்க."

"அன்னிக்கே சி.இ.ஓ.ன்னு ஒருத்தர் மெயில் போட்டிருந்தாரு. 'தவிர்க்க இயலாத தொழில்நுட்பச் சூழலால் தங்களது சேவை அனுபவம்'னு ஒரு முழத்துக்கு. எனக்கு ஒரு வரி புரியல."

"அதுவும் நானுங்க."

அந்தம்மா கண்ணாடியக் கழட்டினாங்க. சேலத் தலைப்புல தொடச்சாங்க. மறுபடி மாட்டினாங்க. மூர்த்திக்கு அந்தப் பழைய மேனேஜர் சிரிக்கற மொகம் கண்ணு முன்னாடி வந்துட்டுப் போச்சு.

"பொய் பேர்ல பேசினது தப்பு."

"தப்புதானுங்க."

"அந்த சி.இ.ஓ.வ மொதல்ல வேலைய விட்டு அனுப்பு."

மூர்த்தி முழிச்சான்.

"ஆமா, உன் பேரு என்ன?"

"திருமூர்த்திங்க."

அந்தம்மா போன எடுத்தாங்க. 'ரம்யா'ன்னு இருந்த எடத்துல ஒவ்வொரு எழுத்தா அழிச்சாங்க. ஒவ்வொரு எழுத்தா புதுசா அடிச்சாங்க. சரியா இருக்கான்னு அவன்கிட்ட காட்டினாங்க.

"நாளைல இருந்து தெனம் காலைல ரெண்டு லாரி, திருமூர்த்தி. வராதுன்னா வராதுன்னு சொல்லிரு."