பிரியாத எண் என்றார்கள்

வெகுகாலத்துக்கு முன், களிமேட்டு நாட்டில் கருங்கோளன் என்ற மந்திரவாதி செய்த கொடுமைகளை வரிசை மாறாமல் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலாவது, நாட்டைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத சுவர் எழுப்பினான். இரண்டாவது, பிறப்பையும் இறப்பையும் நிறுத்தினான். மக்கள்தொகை பத்தாயிரத்து ஒன்றில் நின்றுபோனது. மூன்றாவது, எல்லோருடைய பெயரையும் பிடுங்கி ஓலைகளில் எழுதிப் பெட்டியில் பூட்டினான். ஆளுக்கொரு எண்தான் மிஞ்சியது.

எந்த மந்திரத்துக்கும் ஒரு வாசல் விட்டாக வேண்டும். நான்காவது கொடுமை அந்த வாசல்தான்.

"ஆள் மிஞ்சாமல் சம வரிசைகளில் நில்லுங்கள், மந்திரம் உடையும். ஒரே வரிசையும் ஒற்றை ஆள் வரிசையும் செல்லாது. மிஞ்சுகிறவர் கல்லாவார். ஆனால் ஒன்று, பத்தாயிரத்து ஒன்று எப்படிப் பிரித்தாலும் மிஞ்சும், பிரியாத எண்" என்றான்.

இரண்டிரண்டாக நின்றார்கள். ஒருவர் மிஞ்சினார், கல்லானார். கல்லானவரையும் கணக்கில் சேர்த்து மும்மூன்றாக நின்றார்கள். இருவர் மிஞ்சினார்கள், கல்லானார்கள். ஏழேழாக நின்றார்கள். ஐவர் மிஞ்சினார்கள், கல்லானார்கள். அத்தோடு விட்டுவிட்டார்கள். நூறு வருஷம், பிரியாது பிரியாது என்று அவன் சொன்னதையே நம் ஜனங்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெட்கக்கேடு.

அந்த ஐவரில் ஒருவன் அறுநூற்றுப் பதின்மூன்று. அவன் மனைவி அறுநூற்றுப் பன்னிரண்டு செங்கல் அறுப்பவள். புருஷன் பெயர்கூட அவளுக்கு நினைவில்லை. ஒரு நாள், காயவைத்த சுடாத செங்கல்லை வரிசை பிடிக்கும்போது சட்டென்று கை நின்றது. செங்கல் மிஞ்சினால் யாரும் கல்லாவதில்லையே.

பத்தாயிரத்து ஒரு கல் அறுத்தாள். வரிசை மாற்றி மாற்றி அடுக்கினாள்.

"என்னடி, செங்கல்லைக் கட்டிக்கப் போறியா?" என்றாள் பக்கத்துக் களத்துக்காரி.

"கட்டிக்கிட்டவனே கல்லாத்தானே நிக்கிறான்."

பத்து வரிசை, மிச்சம். இருபது வரிசை, மிச்சம். எழுபத்திரண்டு வரை மிச்சம். எழுபத்து மூன்று வரிசை அடுக்கினாள். வரிசைக்கு நூற்று முப்பத்தேழு. கையில் கல் இல்லை. திரும்ப எண்ணினாள். இல்லை.

ஊரைக் கூட்டினாள். யாரும் அசையவில்லை.

"தப்பாப்போச்சுன்னா?" என்றான் ஒருவன்.

"மிச்சத்துல நான் நிக்கிறேன். வாங்க."

எட்டுக் கற்சிலைகளையும் கயிறு கட்டி இழுத்து வந்து வரிசையில் நிறுத்தினார்கள். கருங்கோளன் ஓடி வந்தான்.

"பைத்தியங்களா, அது பிரியாத எண்."

"பிரியாத எண்ணுக்குத் தண்டனை எதுக்குய்யா?" என்றாள் அவள். "எப்படி நின்னாலும் மிஞ்சும்னா, நிக்கிறதைப் பாத்து நீ ஏன் பயந்தே?"

கூட்டத்துக்கு அப்போதுதான் விளங்கியது. இவனுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். நூறு வருஷமாக அவர்களைக் கட்டிப்போட்டது கணக்கு அல்ல, அவர்களுடைய பயம். ஒரு கிழவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

எழுபத்து மூன்றாம் வரிசையில் கடைசி ஆள் நின்றான். எங்கும் இடைவெளி இல்லை. வரிசைக்கு வெளியே மிஞ்சியவன் கருங்கோளன் ஒருவன்தான். அவன் பாதத்திலிருந்து கல்லாகத் தொடங்கினான்.

சுவர் உடைந்தது. தன் பெயர் தன் வாயில் வந்ததைக் கேட்டு ஒவ்வொருவரும் திடுக்கிட்டார். சிலைகளுக்கு வாயில்லை. வேறு யாராவது அவர்கள் பெயரைச் சொன்னால்தான் உயிர் வரும்.

அவள் ஓலைப் பெட்டியை உடைத்தாள். அறுநூற்றுப் பதின்மூன்றாம் ஓலையை எடுத்துச் சிலையின் முன் நின்றாள். எழுபத்து மூன்று வரிசையும் சாட்சியாக நிற்க, உரக்கப் படித்தாள்:

"செங்கோடன்."